வஸாவா, வஸெனா?

ஹில்க்கா தன் வேட்டைத் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கப்போகிறாள், அதுவும் மூன்றைச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குவாளாம் என்ற செய்தி பரவியதும், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை காலையில் எங்கள் வேட்டைச் சங்கத்துக்காரர்கள் பதினோரு பேர் பயிற்சித் திடலுக்கு வந்துவிட்டோம். காட்டில் ப்ளூபெரி பழுத்துக் கிடந்தது. ஒருவனும் பறிக்கப் போகவில்லை. பேசிப் பழக்கமில்லாத ஊர் எங்களுடையது. அன்றைக்கு என்னவோ கல்யாண வீடு மாதிரி சளசளப்பு.

ஹில்க்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. வியாழக்கிழமை அவள் வைக்கும் பட்டாணிச் சூப்புக்காகவே காய்ச்சலோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "தினம் எண்பது பேருக்குச் சோறு போடறேன், எண்பத்தொண்ணாவது ஆளு எதுக்கு?" என்பாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. என் பெயர் ஒஸ்மோ, மரலாரி ஓட்டுகிறேன். குதிரையைவிட உயரமான காட்டுமான் மூஸ்; எங்கள் மூஸ் வேட்டையில் ஐந்தாம் நிலை எனக்கு, ஆறாம் நிலை அவளுக்கு. நாய் மூஸைக் கிளப்பிவிட்டால் அது ஓடிவரும் பாதையில் நாங்கள் ஆளுக்கொரு இடத்தில் காத்து நிற்போம். அந்த இடத்தைத்தான் நிலை என்கிறோம். ஆறாம் நிலை இருபத்தாறு வருடமாக அவளுடையது. சதுப்பு நிலத்தின் ஓரம், இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

அந்த இடம்தான் இப்போது கையைவிட்டுப் போக இருந்தது.

போன அக்டோபரில் நடந்தது இது. நல்ல பனிமூட்டம். என் நிலையைத் தாண்டி ஒரு பெட்டை மூஸ் போனது, பின்னால் அதன் கன்று. கன்றோடு போகும் தாயைச் சுடக்கூடாது, அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சுட மாட்டோம். நான் ரேடியோவை எடுத்து, "ரெண்டு வருது, வஸா" என்றேன். எங்கள் பாஷையில் வஸா என்றால் கன்று. வஸென் என்றால் இடது. ஹில்க்காவின் காதில் வஸென் என்று விழுந்தது. பனிக்குள்ளிருந்து பெரிய மூஸ் ஒன்று இடது பக்கமாக வந்தது. சுட்டுவிட்டாள். அது விழுந்தபிறகு, அதன் பக்கத்தில் கன்று வந்து நின்றது.

அவளே போலீசுக்குப் போன் செய்து சொன்னாள். தாயில்லாக் கன்று குளிர்காலத்தைத் தாண்டாது என்பதால் அதை எங்கள் வேட்டைத் தலைவர் ஆர்வி சுடவேண்டியதாயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் உட்காரவில்லை. சங்கக் கூட்டத்தில் ஆர்வி தன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஹில்க்கா, காதைக் காட்டிட்டு வா. சுடற பரீட்சைச் சீட்டும் உனக்கு இந்த வருஷம் காலாவதி ஆகுது. ரெண்டையும் முடிச்சுட்டு வந்தாதான் ஆறாம் நிலை. இல்லேன்னா துப்பாக்கி இல்லாம நாய்க்காரங்களோட நட." அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நான் பேசாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காது பார்த்த நர்ஸ் சொன்னாளாம்: இடது காதில் மெல்லிய சத்தங்கள் போயே போய்விட்டன, வலது காதில் பாதி மிச்சம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள். சின்ன ஓசையைப் பெரிதாக்கி உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுக்கிற காதுமூடி போடு, துப்பாக்கிக்கு சைலன்சரும் போடு, ஒன்று மட்டும் போதாது. ஹில்க்கா இதைக் கேட்டு அழவில்லை. நேரே டவுனுக்குப் போய்த் துப்பாக்கிக் குழாயின் முனையில் மரை போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு கடைக்காரர் கௌக்கோவைப் பிடித்து, "வாங்கறதுக்கு முன்னாடி சுட்டுப் பாக்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்று, அவரையும் மூன்று சைலன்சரையும் அள்ளிக்கொண்டு திடலுக்கு வந்துவிட்டாள்.

மேசைமேல் மூன்றும் வரிசையாக இருந்தன. முதலாவது நீளமானது, துடுப்புப்பிடி மாதிரி. இரண்டாவது குட்டையானது, டைட்டானியம், கையில் எடுத்தால் காலிக் கோப்பை கனம். மூன்றாவது உறை மாதிரி குழாயின்மேல் பின்பக்கமாக ஏறி உட்காரும். கனம் உண்டு, ஆனால் துப்பாக்கி நீளாது.

"நீளமா இருக்கறதுதான் அதிகமா அமுக்கும்" என்றார் கௌக்கோ. "ஆனா சினிமாவுல மாதிரி 'புஸ்'ஸுன்னு வரும்னு நெனக்காதீங்க. வேட்டைத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கிதான்."

"குட்டையை எடு ஹில்க்கா, பாக்க அழகா இருக்கு" என்றான் ஒருவன்.

"அழகுக்கு உன் மூஞ்சி ஒண்ணு போதும்" என்றாள் அவள்.

எல்லாரும் சத்தத்தை அளக்கும் கருவி கொண்டுவருவாள் என்று நினைத்தோம். அவள் கொண்டுவந்தது என்னை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, இருபது அடி பின்னாலிருந்த விறகுக் குவியலைக் காட்டினாள்.

"ஒஸ்மோ, நீ அதுக்குப் பின்னால நில்லு. நான் சுட்டதும் வஸான்னோ வஸென்னோ சொல்லு. எதுன்னு முன்னாடியே சொல்லிடாதே. நான் எதுன்னு கண்டுபிடிக்கறேன். எது என் காதை விட்டுவைக்குதோ, அதுதான் எனக்கு."

"நான் எதுக்கு? ஆர்வி சொல்லட்டுமே" என்றேன்.

"அன்னிக்குச் சொன்ன ஆளே சொல்லணும். போடா."

விறகுக்குப் பின்னால் போய் நின்றேன். எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் சைலன்சர் இல்லாமல், காதுமூடியோடு மட்டும் சுட்டாள். திடல் அதிர்ந்தது. நான் "வஸா" என்றேன்.

"வஸென்!" என்று கத்தினாள் ஹில்க்கா.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்வி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அடுத்து டைட்டானியம். ஐந்து முறை சுட்டாள், ஐந்து முறை நான் சொன்னேன். மூன்று சரி, இரண்டு தப்பு. அடுத்து நீளமானது. முதல் குண்டு போனதும் கிழவர்களுக்கு வாய் பிளந்துவிட்டது. "சுட்டாச்சா?" என்று ஆர்வி கேட்டார். எங்களுக்கெல்லாம் ஒரே கூத்து. "வஸா." "வஸா!" "வஸென்." "வஸென்!" ஐந்துக்கு ஐந்து. ஆட்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் தேவாலயத்தில்கூடக் கைதட்டியது கிடையாது. கடைசியில் உறை மாதிரியானது. அதிலும் ஐந்துக்கு ஐந்து. ஐந்தாவதுக்கு நான் சும்மா விளையாட்டுக்கு ஒன்றுமே சொல்லாமல் இருந்தேன். "ஏண்டா, தூங்கிட்டியா?" என்றாள். திடலே சிரித்தது.

"அப்போ நீளமானதுதானே? அதுதான் இன்னும் சத்தம் கம்மி" என்றார் கௌக்கோ, பெட்டியை மூடப்போனவர்.

"இருங்க" என்றாள் ஹில்க்கா. இரண்டு பேரை ஆறாம் நிலையின் ஸ்ப்ரூஸ் மரங்களாக நிற்கச் சொன்னாள், கையை விரித்தபடி. அவர்களும் மரமாக நின்றார்கள். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்து, காலி என்று எல்லாருக்கும் திறந்து காட்டினாள். பிறகு குழாயைத் தரைப்பக்கம் சாய்த்துப் பிடித்து, அவர்களுக்கு நடுவில் நின்று, ஒவ்வொரு சைலன்சராக மாட்டிப் பக்கவாட்டில் திரும்பினாள். நீளமானது ஒரு "மரத்தின்" முழங்கையில் இடித்தது. உறை மாதிரியானது இடிக்கவில்லை.

"இதான்" என்றாள். அவ்வளவுதான். அவள் முகம் சிவந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அவள் கண்ணைப் பார்க்காமல் விறகை அடுக்கப் போய்விட்டேன்.

சைலன்சர் மாட்டியதும் குண்டு போகும் இடம் மாறிவிடும். ஒரு வாரம் அவள் தினமும் பள்ளிக்கூடம் முடிந்து திடலுக்கு வந்து குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருகித் திருகிச் சரி செய்தாள். பிறகு பரீட்சை. எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் நிற்கும் அட்டை மூஸின் மார்பில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் நாலு குண்டு. நாலும் உள்ளே போகவேண்டும்.

முதல் முறை ஒன்றுதான் உள்ளே. மூன்று வெளியே.

பரீட்சை வைத்தவர் பேனாவை மூடினார். ஆர்வி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குத் தோன்றியது. ஹில்க்கா மட்டும் அசையவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்தாள். மெதுவாகச் சைலன்சரைப் பிடித்தாள், திருகினாள். அது கால் சுற்றுச் சுற்றியது.

"அடக் கழுதை!" என்றாள். யாரையும் இல்லை, தன்னையே. முந்தின நாள் சுட்டு முடித்ததும் ஈரம் தங்கித் துருப்பிடிக்கக்கூடாதென்று நல்ல பிள்ளையாகக் கழற்றி அடுப்பு மேல் காயவைத்திருக்கிறாள். காலையில் அவசரமாக மாட்டியவள் இறுக்கவில்லை. கௌக்கோ நூறு தடவை சொல்லியிருந்தார்.

"இன்னொரு தடவை சுடலாமா?" என்று பரீட்சைக்காரரிடம் கேட்டாள்.

"விதியில இருக்கு. சுடுங்க."

இறுக்கினாள். மறுபடி இறுக்கினாள். நின்றாள். டப். டப். டப். டப். பரீட்சைக்காரர் நடந்து போய் அட்டையைப் பார்த்து, திரும்பி, நாலு விரலைக் காட்டினார். ஆர்வி, கட்டிப்பிடிப்பது என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆர்வி, அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. ஹில்க்காவின் நாய் ரிம்மா கிளப்பிக்கொண்டு வந்தது. நான் ஐந்தாம் நிலையில். போன வருடம் மாதிரியே பனி. என் பையில் மக்கரா இருந்தது, காலையில் நெருப்பில் வாட்டின தொத்திறைச்சி. தொடவில்லை. இந்த முறை தொடுவேனா?

அன்று கூட்டத்தில் நான் பேசாததற்கு இந்த மக்கராதான் காரணம். போன வருடம் ரேடியோவில் நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது என் வாய் நிறைய மக்கரா. வஸா என்று சொன்னேனா, வஸ்ஸ்மம் என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அவள் பழியைத் தூக்கிக்கொண்டாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டை மூஸ் போனது. நான் ரேடியோவை வாயருகே கொண்டுபோவதற்குள் அதில் ஹில்க்காவின் கிசுகிசுப்பு வந்தது.

"ஒஸ்மோ, அதுக்குப் பின்னால வஸா இருக்கு. எட்டுக் கால் சத்தம் கேக்குது. நான் சுடலை."

கன்றை நான் அப்போதுதான் பார்த்தேன். ஐந்தாம் நிலையில் நின்ற எனக்குக் கேட்காதது ஆறாம் நிலையில் அவளுக்குக் கேட்டிருக்கிறது! தாயும் கன்றும் சதுப்பைத் தாண்டிப் போய் மறைந்தன.

அரைமணி கழித்து ஒரு ஆண் மூஸ், தனியாக. அது ஆறாம் நிலைப் பக்கம் போனது. நான் காத்திருந்தேன், காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் ரேடியோவில் கேட்டேன்: "ஹில்க்கா, சுடலையா?"

"சுட்டு விழுந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு. காபி போடு."

மதியம் நெருப்பு மூட்டிக் காபி வைத்தோம். மற்றவர்கள் மூஸை இழுக்கக் கயிறு எடுக்கப் போயிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"ஹில்க்கா, போன வருஷம்..."

"அந்தப் பக்கம் திரும்பு" என்றாள்.

"என்ன?"

"திரும்பி நில்லுடா. நான் பத்தடி தள்ளிப் போய் ஒரு வார்த்தை சொல்றேன். என்னன்னு சொல்லு."

திரும்பி நின்றேன். நெருப்பு சடசடத்தது. பின்னால் அவள் ஏதோ சொன்னாள். ஏதோ ஒன்று, அவ்வளவுதான். சரியாகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவா முடியும்? துணிந்து, "வஸா" என்றேன்.

பிறகு அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொன்னது மக்கரா."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தெரியுமா உனக்கு?"

"அன்னிக்கு நீ சொன்னது என்னன்னுதான் கேக்கலை. நீ மென்ன சத்தம் நல்லாக் கேட்டுது."

"அப்புறம் ஏன் கூட்டத்துல சொல்லலை?"

"சந்தேகமா இருந்தா சுடக்கூடாது. நான் சுட்டேன். அது என் தப்பு, உன் மக்கராவோட தப்பு இல்லை." கோப்பையில் காபி ஊற்றி என் கையில் கொடுத்தாள். "நீ சொல்வேன்னு ஒரு வருஷம் பாத்தேன். இப்ப வாயைத் திறந்தியே, அது போதும்."

கண்ணில் புகை பட்டது என்றேன். அவள் கேட்காததுபோல் இருந்தாள், அந்தக் காதுமூடி வந்ததிலிருந்து அவளுக்கு நன்றாகவே கேட்கும். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த துண்டுச்சீட்டு ஒன்றை எடுத்து என் கோப்பைக்கு அடியில் வைத்தாள். அதில் காது பார்க்கும் நர்ஸின் கையெழுத்து. என் பெயர், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

"லேட்டாப் போகாதே" என்றாள். "அப்புறம் ஸ்கூலுக்கு வா. பட்டாணிச் சூப்பு இருக்கும்."