காய்ச்சல் எழுதாத மனு

“கடைசி தேதி வந்தாதான் இந்த ஊருக்கே காய்ச்சல் வருது.”

எங்கள் வக்கீல் ஆபீசின் குமாஸ்தா அக்கா இதைச் சொல்லாத நாள் கிடையாது. சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்டேப்ளரை ஒரு அமுக்கு அமுக்குவார். அதனால் அந்தப் புலம்பலை நாங்கள் தாளத்தோடுதான் கேட்டிருக்கிறோம். ஜூனியரான நான் மேசையைத் தட்டி அதே குரலில் சொல்லிக்காட்டினால், அடுத்த அறையிலிருக்கும் சீனியர், “வந்துட்டேம்மா, கையெழுத்துதானே?” என்று பேனாவோடு எழுந்து வந்துவிடுவார்.

புலம்பலில் நியாயம் இருந்தது. கீழ்க்கோர்ட்டில் தோற்றவர் கெடுவுக்குள் அப்பீல் போட வேண்டும். கெடு தாண்டிவிட்டால், ஏன் தாமதம் என்று சத்தியம் செய்து தனியாக ஒரு மனு. எங்கள் கட்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் காரணம் ஒன்றுதான்: கடும் காய்ச்சல், எழுந்து நடக்க முடியவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் அது எப்போதும் தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார். மாற்றிவிட்டு, “இவருக்கு அம்மை போடலாமா சார்? காய்ச்சல் ஸ்டாக் தீந்துபோச்சு” என்பார்.

இதற்கு அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தார். சுவர்க் காலண்டரில் அவர் சிவப்பு மையால் குறிக்கும் கடைசி தேதி, நிஜக் கெடுவுக்கு ஒரு வாரம் முந்தியதாக இருக்கும். கொஞ்ச நாளில் சீனியருக்கு இது பிடிபட்டது. சிவப்பைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு வாரம் கூட்டிக்கொள்வார். அவர் கூட்டுகிறார் என்பது அக்காவுக்கும் தெரியும். இப்படி ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டே வேலை ஒழுங்காக நடந்துவந்தது.

அக்காவின் தம்பி தையற்காரர். வாடகைக் கட்டடத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடும்பம். கட்டடத்துக்காரர் போட்ட வழக்கில் தோற்றுப்போய், காலி செய்யும்படி தீர்ப்பும் வந்துவிட்டது. அப்பீல் ஒன்றுதான் மிச்சம். கேஸ் கட்டை அக்காவே ஊசி நூலால் தைத்தார். ஓரம் பிசிறில்லாமல் இருந்ததைப் பார்த்த தம்பி, “பேசாம எங்கிட்ட வேலைக்கு வந்துடுக்கா” என்றார். சீனியர் கையெழுத்து மட்டும் பாக்கி. அக்கா நினைவூட்டும்போதெல்லாம் அவர் தலையை ஆட்டிவிட்டு, காலண்டரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

சிவப்புத் தேதியன்று காலையில் அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் கிளம்பிப் போய்விட்டார். அக்கா போனில் பிடித்தார். சீனியர் பேசத் தொடங்குவது பழைய பம்பு தண்ணீர் ஏற்றுவது மாதிரி. முதலில் கனைப்பு, பிறகு காற்று, அப்புறம்தான் சொல்.

“அதான்... இன்னும் ஒரு வாரம் இருக்கேம்மா.”

அக்கா ஸ்டேப்ளரைத் தொடவில்லை. “இல்ல சார். தம்பி கேஸாச்சே, மெத்தனமா இருக்க மாட்டீங்கன்னு இதுக்கு மட்டும் நிஜத் தேதியே போட்டுட்டேன்.”

வக்காலத்தில் இருந்தது அவர் பெயர் மட்டும்தான்; வேறு யார் கையெழுத்தும் செல்லாது. அவர் வந்து சேர்வதற்குள் கெடு போய்விட்டது.

மறுநாள் சீனியர், காய்ச்சல் என்றே போட்டுவிடச் சொன்னார். கேட்டால் இருமிக் காட்டுகிறேன் என்று தம்பியும் தயாராக நின்றார். அக்கா பழைய மனுவைத் திறந்து, தம்பியின் பெயரை டைப் அடித்தார். பிறகு மொத்தத்தையும் அழித்துவிட்டு, ‘குமாஸ்தாவாகிய என் தவறு’ என்று ஆரம்பித்தார். தேதியை முந்திப் போடும் பழக்கத்தையும், இந்த ஒரு தடவை அப்படிப் போடாததையும் தன் பெயரிலேயே எழுதினார். ஆபீஸ் மானம் போய்விடும் என்று சீனியர் எவ்வளவோ சொன்னார். எங்கள் பயம் வேறு. காய்ச்சலை யாரும் துருவுவதில்லை. இதைத் துருவினால் தம்பி குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டும்.

துருவத்தான் செய்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை மேடை நாடகம் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசிக்க, கோர்ட்டே சிரித்தது. அக்கா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நீதிபதி சிரிக்கவில்லை. தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தவறு குமாஸ்தாவுடையது என்றால் தையற்காரருக்கு எதற்குத் தண்டனை என்று கேட்டுவிட்டு, தாமதத்தை மன்னித்து அப்பீலை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. கடையில் தையல் மெஷினும் ஓடுகிறது.

சீனியருக்குத்தான் அந்தச் சிரிப்பு ஆறவே இல்லை. அக்கா ஓய்வு பெற்ற நாளில், ஸ்டேப்ளரைத் துடைத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தபோதும் கிளறினார். “அன்னிக்கு... காய்ச்சல்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, நம்ம ரெண்டு பேர் மானமும் தப்பிச்சிருக்கும்ல?”

“தப்பிச்சிருக்கும் சார். ஆனா தப்பு பண்ணது நீங்களும் நானும், பொய்ச் சத்தியம் பண்றது மட்டும் அவனா? ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நான் காய்ச்சல் குடுத்தாச்சு. அவனாவது நல்லா இருந்துட்டுப் போகட்டுமே.”