ஓணானுக்கு டிக்கெட்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த நாற்றம் மறுபடி மூக்கில் ஏறுகிறது. ஆனால் எங்கள் கூலி லைனில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் ஓணானைத் தின்றேன் என்றே ஒருவன் சொல்லித் திரிகிறான். அது பொய். தின்னவில்லை. குடித்தேன்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். வாத்தியார் குடைக்குள் ஓணான் விட்டதோடு என் படிப்பு முடிந்தது. இப்போது சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், கல் இடிக்கும் ஆலையில் பகல் ஷிப்ட். எங்கள் கூலி லைனில் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித்தந்த ஐயா காய்ச்சலோடு ஊருக்குப் போனபோது, படிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வேலியைத் தின்கிற ஆட்டையே காவலுக்குக் கட்டினார்கள்.

லைனுக்குப் பின்னால் பழைய காலத்தார் தங்கம் தேடித் தோண்டிய குழி ஒன்று இருக்கிறது. மூன்று ஆள் ஆழம். கோடையில் அந்த ஊற்றுத் தண்ணீர்தான் எங்களுக்குக் குடிதண்ணீர். பிள்ளைகளுக்கு அதுவே சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாப்ட். பாறைமேல் வெயில் காயும் ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடிப்பார்கள். சின்ன டின்னில் அடைத்து, கயிறு கட்டி, ஆள் ஏற்றும் கூண்டு, கேஜ் இறங்குகிறது என்று குழிக்குள் விடுவார்கள். ஒருவன் வாயாலேயே சங்கு ஊதுவான். ஒருத்தி, ஆள் இறங்கும் மணி என்று, இரும்புத் துண்டில் மூன்று தட்டுத் தட்டுவாள். ஓணான்தான் கூலி ஆள். சாமி தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது மூத்திரத்தைக் கொடுத்த ஜென்மம் அது, அடித்தால் பாவமில்லை என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நானும் சிறுவயதில் அதைச் சொல்லிக்கொண்டே எத்தனையோ அடித்திருக்கிறேன்.

இதை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். ஆனால் பத்துக்கு மேல் எண் ஏறாத பிள்ளைகளுக்கு இதுவே நல்ல வழி என்று பட்டது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஆளுக்கெல்லாம் எண் போட்ட தகர டிக்கெட் உண்டு. மேலே வந்ததும் அதைப் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நான் ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, ஆணியால் ஒன்று முதல் இருபது வரை கீறி, நூல் கோத்துக் கொடுத்தேன். இறங்கும் ஓணான் கழுத்தில் ஒரு டிக்கெட். உயிரோடு ஏறினால் டிக்கெட்டைக் கழற்றி வேலமரத்து முள்ளில் மாட்ட வேண்டும். ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் இருபது வரை வந்துவிட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அண்ணே, டின்னு கவுந்து ஏயாம் நம்பரு உள்ள உயுந்துடுச்சி" என்று ஒருவன் வந்து நின்றான்.

"அதுக்கு இன்னா இப்போ? எட்ட எறக்கு" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன்.

என் அக்கா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவிட்டு, "இன்னாடா இது, ரெண்டு நாளா தண்ணி கவுச்சி அடிக்குது" என்றாள்.

"புள்ள பெத்தவ மூக்குக்கு எல்லாந்தான் அடிக்கும்" என்று கேலி செய்தேன். அவளுக்குக் காட்டுவதற்காகப் பானையில் மொண்டு ஒரு சொம்பு முழுவதையும் அண்ணாந்து குடித்தேன். கொழகொழவென்று ஏதோ நாக்கில் ஒட்டியது. மறுபடி மொண்டபோது சொம்புக்குள் தகரம் கிணுங்கியது. நூல் சுற்றிய டிக்கெட். நூலில் பாதித் தோலும் ஒரு வாலும். எண் நான்கு. என் கையெழுத்து.

வாசலுக்கு ஓடிக் குடலே வெளியே வரும்படி கக்கினேன். நான் கக்கி முடிக்குமுன் அக்கா கக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளாக அவள் குடித்தது அந்தத் தண்ணீர். குழந்தை குடித்தது அவள் பால். அன்றிரவு அவளுக்கு உடம்பு கொதித்தது. குழந்தை மார்பை வாயில் வைத்துக்கொள்ளாமல் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதது. மாமா ஷிப்ட் முடிந்து வந்து பானைத் தண்ணீரைத் தெருவில் கொட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளியிருந்த ஏரிக்கு நடந்தார்.

விடிந்ததும் என் கூட்டாளி கயிற்றோடு வந்தான். சுரங்கத்துக்குள் வண்டி தள்ளுகிறவன் அவன். என் கேலியைப் பொறுத்துக்கொள்ளும் ஒரே ஆள். இடுப்பில் கயிற்றைக் கட்டி என்னை இறக்கினான். பிள்ளைகள் விளிம்பில் குந்தியிருந்தார்கள்.

இடுப்பளவு தண்ணீர். மேலே எண்ணெய் போல ஒரு படலம். கையை விட்டுத் துழாவினேன். ஊதிப்போய் வெளுத்த வயிறுகள். பிடித்தால் விரலுக்குள் பிதுங்கின. ஒன்றைத் தூக்கினால் கழுத்து நூலில் நின்றது, உடல் நழுவித் தண்ணீருக்குள் போனது. அதை மறுபடி தேட வேண்டியிருந்தது. இந்தத் தண்ணீரில்தான் நாங்கள் எல்லோரும் கஞ்சி காய்ச்சினோம். வாயைத் திறந்தால் உள்ளே போய்விடுமோ என்று திட்டக்கூட முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. அழுகை என்று நினைக்க வேண்டாம்.

எட்டு ஓணானை வாளியில் போட்டு மேலே வந்தேன். உடம்பு முழுக்கப் பிசுபிசுப்பு. நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பிள்ளைகளைத் திருத்திவிட இதுதான் நேரம் என்று தொண்டையைக் கனைத்தேன்.

"பாத்தீங்களா? வாயில்லாத ஜீவன இம்சை பண்ணக்கூடாது. குடிக்கிற தண்ணியில எதையும் போடக்கூடாது."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட்டுகளைக் கழுவிப் பாறையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். முள்ளில் மாட்டியிருந்த எட்டு, வாளியில் வந்த எட்டு, அக்கா பானையில் வந்த நான்காம் எண். மூன்று தட்டுத் தட்டும் பெண் விரலை வைத்து வாசித்தாள்.

"ஆறு வர்ல. பதிமூணு வர்ல. பத்தொம்போது வர்ல."

"தண்ணியத்தான் எறைக்கப் போறோமே, வந்துடும். போங்க ஊட்டுக்கு" என்றேன்.

"எறைக்கிற வாளி மேல பட்டு நசுங்கிட்டா?"

"செத்த ஓணான் தானேடி."

"டிக்கெட்டு குடுத்து எறக்குனது நீதானே அண்ணே? எங்கப்பா சொல்லுவாரு, ஒரு டிக்கெட்டு கொறஞ்சாலும் ஷிப்ட்டு முடியாதுன்னு."

மற்றவர்களும் நகரவில்லை. குழியைப் பார்த்தபடி, கேஜ் ஏற நேரமானால் ஷாப்ட் வாசலில் பெண்கள் உட்காருவார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன்கூடச் சங்கு ஊதவில்லை.

"நீயாச்சும் சொல்லு மச்சான்" என்று கூட்டாளியைப் பார்த்தேன். "இன்னொரு தபா எறங்குனா நான் செத்துடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. கயிற்றை என் இடுப்பில் மறுபடி சுற்றி முடிச்சை இறுக்கினான்.

"மூணு பேரு உள்ள கீறாங்க, எறங்குடா."