ஒற்றைக் கைக்கு ஒரு ஸ்டீயரிங்

நேற்று ஆம்பூரில் சரியான மழை. நான் ஓட்டுகிற மினி வேனில் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டிய அடித்தோல் கட்டுகள். தார்ப்பாயில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. நனைந்த அடித்தோலுக்கு ஒரு வாசனை உண்டு. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் பின்னாலேயே டேவிட் அண்ணன் வந்துவிடுவார்.

பல வருஷத்துக்கு முன்னால் நானும் என் கூட்டாளி நசீரும் பைபாஸ் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய ஜீப்புகளை ஆல்டர் செய்துகொண்டிருந்தோம். கூரையை வெட்டுவது, பாடியைத் தாழ்த்துவது, அகல டயர் மாட்டுவது. நசீர் வெல்டிங்கில் புலி, நான் வாயில் புலி. பத்தாம் வகுப்பு என்னை இரண்டு முறை வேண்டாம் என்றது. மூன்றாம் முறை போய்க் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

டேவிட் அண்ணன் டேனரியில் தோல் பதம் போட்டவர். அடித்தோலில் அவர் கைப்பக்குவத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. அப்புறம் வாதம் வந்து வலது கை தொங்கிப்போனது. காலுக்கு ஒன்றுமில்லை. வீட்டு வாசலில் நின்ற ஜீப்பை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இன்னாண்ணா, ஒத்தக் கைல பல்லு வெளக்கவே முடியாது, ஜீப்பு ஓட்டப் போறியா?" என்றேன்.

"பல்ல உங்க அக்கா வெளக்கி உட்ருவாடா. ஜீப்ப அவ ஓட்ட மாட்டா."

அக்கா என்றால் லீலா அக்கா, அவர் சம்சாரம். ஓட்டாத வண்டி வாசலை அடைத்துக்கொண்டு எதற்கு, விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு அவரே ஓட்டி, அக்காவை சர்ச் வாசலில் இறக்கிவிட வேண்டும். முடிந்தால் ஜீப் வீட்டில் இருக்கும். முடியாவிட்டால் போய்விடும்.

"அது போச்சின்னா நான் இன்னாடா? வெயில்ல காயப் போட்ட தோலு. எட்த்து உள்ள வெக்கக்கூட ஒருத்தர் வரணும்."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதே மூச்சில் அகல டயரும் வேண்டும் என்றார். அகல டயர் போட்டால் ஸ்டீயரிங் இன்னும் கல்லாகிவிடும். இருக்கிற கை ஒன்று, அதற்கும் சேர்த்து வேலை வைக்கிற மனுஷன்.

என்ன ஸ்டீயரிங் போடுவது என்று நசீரும் நானும் டீக்கடையில் அடித்துக்கொண்டோம். எனக்குச் சின்னக் காரின் ஸ்டீயரிங் மேல் ஆசை. பட்டு மாதிரி திரும்பும். நசீர் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடேய், ஜீப்புக்கு முன்னாடி ஒரே இரும்பு அச்சு. தராசு மாதிரி. இந்தப் பக்கம் பள்ளத்துல எறங்குனா அந்தப் பக்கம் தூக்கும். கார் ஸ்டீயரிங்க பாடியில முடுக்குனா, அச்சு ஆடுறப்பல்லாம் வீல இழுக்கும். வண்டி அதும்பாட்டுக்குத் திரும்பும்."

"பின்ன பவர் ஸ்டீயரிங்கு?"

"அதுக்கு எஞ்சின்ல பம்பு மாட்டணும். எடம் எங்க? உன் தலமேல மாட்டலாம், அங்கதான் காலியா கீது."

கடைசியில் காயலான் கடையில் ஒரு லாரியின் ஸ்டீயரிங் பெட்டியைப் பிடித்தோம். அதில் ஸ்டீயரிங்கை நிறையச் சுற்ற வேண்டும், ஆனால் லேசாகச் சுற்றலாம். பிடித்துச் சுழற்ற வளையத்தின் மேல் ஒரு குமிழும் வைத்தோம். ஒன்று மட்டும் பாக்கி. அண்ணனுக்கு இருக்கிற ஒரே கைதான் கியரும் போட வேண்டும். ஆகவே வளைவில் திரும்பியதும் குமிழை விட்டுவிட்டு கியருக்குப் போவார். அந்த நேரத்தில் சக்கரம் தானாக நேருக்கு வர வேண்டும். ஒழுங்கான வண்டியில் அது தானாகவே வரும். இரண்டு கை உள்ளவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அச்சின் இரண்டு நுனியிலும் சக்கரம் திரும்புகிற முளை ஒன்று உண்டு, கிங்பின் என்போம். அது தேய்ந்து ஆடியது. அதைச் சுற்றிப் போட வேலூரில் லேத்துக்காரரிடம் பித்தளை வளையம், புஷ் என்பது, கடைந்து வரலாம் என்றான் நசீர். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஊரு பூரா தோல வெச்சிகினு பித்தளைக்கு வேலூர் போவியா?"

எங்கள் ஊர் வழக்கம் அது. எது ஆடினாலும் தோலைத்தான் வைப்போம். கதவு ஆடினால் தோல், அடிபம்பு ஒழுகினால் தோல், கட்டில் கால் குட்டை என்றால் தோல். மறுநாள் அண்ணன் மடியில் ஒரு துண்டு அடித்தோலோடு வந்தார். கை விழுவதற்கு முன் அவரே கடைசியாகப் பதம் போட்டது.

"என் கை வேலடா இது. தண்ணில போட்டாலும் அசையாது."

அதற்கு மேல் யார் பேசுவது? வளையங்களாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து முளையில் போட்டோம். ஆட்டம் நின்றது. அண்ணன் பைபாஸில் ஒரு சுற்றுப் போய் வந்தார். வளைவில் குமிழை விட்டார், கியர் போட்டார், ஸ்டீயரிங் கடகடவென்று சுழன்று நேருக்கு வந்தது. "நாய்க்குட்டி மாதிரி வருதுடா!" என்று கத்தினார். நான் விசிலடித்தேன்.

பிறகு மழை பிடித்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழுக்க. அண்ணன் தெரு தாழ்வு. ஜீப்பின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தார், சக்கரங்கள் மட்டும் தண்ணீரில் நின்றன.

கிறிஸ்துமஸ் காலையில் வெயில் அடித்தது. நானும் நசீரும் சர்ச் தெருமுனையில் நின்றோம். வெள்ளைச் சட்டையில் அண்ணன் ஓட்டி வந்தார், பக்கத்தில் புதுப் புடவையில் லீலா அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டு குமிழைச் சுழற்றி முனையில் திருப்பினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். குமிழை விட்டுவிட்டுக் கியருக்குப் போனார்.

ஸ்டீயரிங் வரவில்லை. திருப்பின இடத்திலேயே நின்றது. அவர் பாய்ந்து குமிழைப் பிடித்தார். ஆனால் அது லாரிப் பெட்டி, எத்தனை சுற்று சுற்றுவார்? முன்சக்கரம் சாக்கடையில் இறங்கியது.

யாருக்கும் அடியில்லை. புடவை மட்டும் நனைந்தது. லீலா அக்கா திட்டுவார் என்று காத்திருந்தோம்.

"எறங்கு. பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க" என்றார். இருவரும் நடந்து உள்ளே போனார்கள்.

கொட்டகையில் பிரித்துப் பார்த்தால் தோல் வளையங்கள் ஊறின பன் மாதிரி உப்பி முளையை இறுக்கிப் பிடித்திருந்தன. அண்ணன் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். தண்ணீர் சொட்டியது.

"எண்ணெ கம்மியாப் போச்சி" என்றார்.

நசீர் என்னைப் பார்த்தான். நான் கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கினேன். பித்தளை போட்டுத் தருகிறோம் என்று நசீர் அக்காவிடம் போய்ச் சொன்னான். பித்தளை நல்லதுதான், இனிமேல் வாங்குகிறவர்களுக்குப் போட்டுக் கொடு என்றுவிட்டார்.

அப்படித்தான் போட்டோம். நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் மகனுக்காக வாங்கிக்கொண்டு போனார். வெகுநாள் கழித்து அண்ணனைப் பார்த்தேன். வாசலில், ஜீப் நின்ற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியப் பாத்தியாடா?"

"பாத்தேண்ணா. சூப்பராப் போவுது."

"பையன் எப்டி ஓட்றான்?"

"ஒத்தக் கைலதாண்ணா. இன்னொரு கைல போனு."

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். இடது கையை மடியில் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஜீப் இல்லை. ஆல்டர் வண்டி என்று போலீஸ் பிடித்து நிறுத்த, அங்கேயே கிடந்து துருப்பிடித்து, எடைக்குப் போனது. கொட்டகை இருந்த இடத்தில் சர்வீஸ் ரோடு போகிறது. நசீர் மஸ்கட்டில் கிரேனுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கிறான். அண்ணன் சர்ச்சுக்குப் பின்னால் கல்லறையில். தெருமுனைச் சாக்கடைக்கு சிமெண்ட் மூடி போட்டுவிட்டார்கள். அந்த வளைவில் யாருடைய ஸ்டீயரிங் திரும்பி வராமல் போனாலும் இனிமேல் ஒன்றும் ஆகாது.