தங்கையின் ஸ்கேன்

எச்ஐவியும் கொக்கெய்னும் அண்ணனின் மூளையை என்ன செய்திருக்கின்றன என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளையும் வேண்டுமென்றதால், தையல் மெஷினால் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்த தங்கையையும் வரச் சொன்னார்கள். அண்ணனுக்கு எடுத்தபோது அம்மா கதவை விட்டு நகரவில்லை. தங்கை படுத்ததும் அம்மா அவனுக்கு டீ வாங்கப் போய்விட்டாள். தங்கை வேண்டுமென்றே தலையை ஆட்டினாள். படம் கலங்கிப்போனது.

“மறுபடி எடுக்கணும்,” என்று ஆபரேட்டர் சொன்னது காதில் விழுந்ததும் அம்மா டீயோடு ஓடிவந்தாள். “ஐயோ, என் பொண்ணுக்கும் ஏதாவதா?”

“ஒண்ணுமில்லம்மா, ஆடிட்டாங்க.”

“அதானே! அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா,” என்ற அம்மா அண்ணனுக்கு டீ ஆற்றப் போனாள்.

மறுபடி படுத்த தங்கை, அந்த ‘ஐயோ’வுக்காக இன்னொரு தடவை ஆட்டலாமா என்று யோசித்தாள்.