கார்ன்வால்காரர் கொண்டுவந்த கால்வாசிப் பாட்டு

இராஜபாளையத்தில் பஞ்சாலைக்கு இயந்திரங்கள் வந்திறங்கிய காலத்தில், அவற்றைப் பூட்டிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார ஃபிட்டரும் வந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தேவாலயத்துக்கு ஆராதனைக்கு வருவார். நான் அவ்வூர் மிஷன் பள்ளி ஆசிரியை; ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியதும் நான்தான்.

கிறிஸ்துமஸ் ஒத்திகை தொடங்கியபோது, தன் ஊர்ப் பாட்டு ஒன்றைச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். இங்கிலீஷ்காரர் பாட்டா என்றேன். இல்லை, கார்ன்வால் பாட்டு என்று அழுத்திச் சொன்னார். இங்கிலாந்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் மேற்கு மூலையாம். வெள்ளீயச் சுரங்கங்கள் உண்டாம். ஒரு காலத்தில் தனிப் பாஷையே இருந்ததாம்.

பாடச் சொன்னோம். நாலைந்து சுரம் பாடினார், நிறுத்தினார், விரல் மடக்கி எண்ணினார், மறுபடி பாடினார்.

“என்னட்டி இது, செத்த நேரம் பாடுதாரு, செத்த நேரம் சும்மா நிக்காரு” என்றார் என் கணவர் மெல்ல.

விசாரித்தபின் புரிந்தது. அது நான்கு குரலில் பாடும் பாட்டு. அவர் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் கனத்த அடிக்குரல். சிறுவயது முதல் அந்தப் பங்கை மட்டுமே பாடியவர். அவர் சும்மா நின்ற இடமெல்லாம் மற்றவர்கள் பாடும் இடம்.

அவர் பாடியதை இடைவெளிகளோடு எழுதிக்கொண்டு, மற்ற மூன்று குரல்களையும் நானே இட்டு நிரப்பினேன். எல்லாரும் சேர்ந்து தொடங்கி, சேர்ந்து முடிப்பதாக அமைத்தேன். பாடிக் காட்டியதும் இப்படியில்லை என்று தலையை அசைத்தார். எங்கள் ஊரில் ஒருவர் தொடங்குவார், மற்றவர் துரத்திப் பிடிப்பார் என்றார்.

“நடவுல பொம்பளைய பாடுத மாதிரிங்காரு. ஒருத்தி முடிக்குமுன்ன அடுத்தவ எடுத்துருதால்ல, அதான்” என்றார் என் கணவர்.

அது போதும் எனக்கு. எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தமிழில் வரிகளும் போட்டேன். கிறிஸ்துமஸ் காலையில் பாடினோம். மெட்டு எங்களுடையது அல்ல, பாடும் விதம் எங்களுடையதுதான் என்றார் ஃபிட்டர். ஒரு பிரதியைத் தன் அக்காவுக்கு அனுப்பினார்.

சில மாதங்களில் அக்காவின் கையெழுத்தில் நான்கு குரலும் முழுசாக வந்து சேர்ந்தன. அசல் வந்துவிட்டது, இனி நம்முடையது எதற்கு என்றார்கள் குழுவினர். நான் ஒப்பவில்லை.

“இது அவிய வீட்டுப் பாட்டு. ஒரு சுரம் மாத்தாமப் பாடுவோம். அது நம்ம பாட்டு. அதையும் விட வேண்டாம்.”

எங்கள் தொண்டை தானாகவே சுரங்களைக் குழைக்கும். அந்தக் குழைவை எடுக்க மூன்று வாரம் பிடித்தது. அடுத்தவர் பாட்டைக் காப்பாற்றுவதென்றால் அதில் நம் கைவரிசையைக் காட்டாதிருப்பது. இன்றும் எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை.

வேலை முடிந்து அவர் புறப்படும் முன், ஆடிக் காற்றுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அக்கா அனுப்பிய பாட்டை அப்படியே பாடினோம். எங்கள் ஆண்களோடு நின்று பாடியவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஏதாவது பிழையா என்று கேட்டேன். பிழையில்லை, எப்போதும் அடிக்குரலையே பாடிக்கொண்டிருந்ததால் மெட்டைச் சரியாகக் கேட்டதே இல்லை என்றார்.

இன்னொரு முறை பாடச் சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.