உடை மாற்றும் அறையில் நான் சிரித்தது

அந்தக் காணொளியை எனக்கு முதலில் காட்டியவர் என் அம்மா. மொன்ட்ரியாலில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து, தன் கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். விடுமுறை நாள் என்பதால் நான் காலையிலிருந்து என்னுடைய கைபேசியைத் தொட்டிருக்கவில்லை.

திரையில் நான் இருந்தேன். பாதி முகமும் ஒலிவாங்கியைப் பிடித்த கையும் தெரிந்தன. எனக்கு முன்னால், முந்தின நாள் ஆட்டம் முடிந்து நான் பேட்டி எடுத்த உதைபந்தாட்ட அணியின் கோல்காப்பாளர். அவருடைய தோளுக்குப் பின்னால் குளிக்கும் இடத்திலிருந்து ஓர் இளம் ஆட்டக்காரன் வருகிறான். துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு வருவதால் முகம் மூடியிருக்கிறது. உடம்பில் வேறு ஒன்றும் இல்லை. கமரா இருப்பது தெரியாமல் அதை நோக்கியே நடந்து வருகிறான். அந்த நேரம் பார்த்து நான் சிரிக்கிறேன். பிறகு அவன் துவாயை இறக்குகிறான். முகம் தெளிவாகத் தெரிகிறது. அதோடு காணொளி முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கீழே யாரோ பிரெஞ்சில் எழுதியிருந்தார்கள்: பெண்கள் ஏன் இந்த வேலைக்கு ஆசைப்படுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா.

கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"இதிலை நிக்கிறது நீதானே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

"அந்தப் பெடியன் பின்னாலை வாறது உனக்குத் தெரியுமே?"

"சத்தியமாத் தெரியாது. நான் மற்றவரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனான்."

"பேந்து ஏன் சிரிக்கிறாய்?"

"அவர் ஒரு பகிடி சொன்னவர், அதுக்குத்தான். உங்களுக்கு ஆர் இதைக் காட்டினது?"

"ஆர் காட்டினா என்ன. கோயில் வாசல்லை எல்லாற்றை கையிலையும் கிடக்குது."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கைபேசியை எடுத்துத் தன் பையில் வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அணியில் அவனுடைய இடம் எது, எந்தக் காலால் உதைப்பான், எந்த ஆட்டத்தில் காயப்பட்டான் என்பதெல்லாம் தெரியும். இது தெரியாது.

நான் வேலை செய்வது ஒரு சிறிய பிரெஞ்சுச் செய்தித்தளத்தில். நகரத்தின் பெரிய அணிகளுக்குப் பெரிய நிறுவனங்களின் செய்தியாளர்கள் போவார்கள். நான் போவது, நகர் எல்லையில் மைதானம் வைத்திருக்கும் ஒரு சின்ன உதைபந்தாட்ட அணிக்கு. ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்து செய்தியாளர்களை உள்ளே விடுவது அங்கே வழக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கதவடியில் என்னை மட்டும் நிறுத்துவார்கள். "நீங்கள் இங்கேயே நில்லுங்கள், யாரையாவது வெளியே அனுப்புகிறோம்" என்பார்கள். கூட வந்த ஆண்கள் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் எழுதி அனுப்பி முடித்த பிறகு, சலித்துப்போன ஓர் ஆட்டக்காரர் எனக்காக வெளியே வந்து, உள்ளே சொன்னதையே பாதியாகக் குறைத்துச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருடம் முழுக்க இதற்காக வாதாடினேன். எங்கள் தளத்தின் ஆசிரியரும் எனக்காக அணி நிர்வாகத்துடன் பேசினார். கடைசியில் எனக்கும் கதவு திறந்தது. அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். "உடுப்பு மாத்துற இடத்துக்கோ போறாய்?" என்று அவர் கேட்டதற்கு, "அது என்ரை வேலை செய்யிற இடம் அம்மா" என்றேன்.

உள்ளே போன முதல் நாளே ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பேசுபவரின் கண்ணை விட்டு என் பார்வை நகராது. குறிப்பு எடுக்கும்போது தாளைப் பார்ப்பேன், நிமிர்ந்தால் கண்ணைப் பார்ப்பேன். அதனால்தான் பின்னால் வந்தவனை நான் காணவில்லை. அந்தப் பழக்கம் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனபோது சனிக்கிழமை நேரலையாகப் போன என் பேட்டியின் பதிவை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு. படித்ததும் மறுபடி படித்தேன். எங்கள் பார்வையாளர்களின் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று இருந்தது. அந்தப் பையனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவனிடம் யாராவது பேசினீர்களா என்று ஆசிரியரைக் கேட்டேன். அணி நிர்வாகத்துடன் பேசியதாகவும், அவர்கள் இதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை என்றும் சொன்னார்.

அன்று கமரா பிடித்தவர் என்னைவிட மூத்தவர். பனியிலும் மழையிலும் பல வருடங்கள் ஆட்டங்களைப் படம்பிடித்து முதுகு வளைந்தவர். நல்ல மனிதர். காப்பி வார்த்துக்கொண்டே, "இதற்கு ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். "ஆண்களின் அறையில் இது நடக்கிறதுதான். அணியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிப்பான்."

"இதையே பெண்கள் அணியின் அறையில் எடுத்திருந்தால்?"

"அது எப்படி, அங்கே நான் போகவே மாட்டேனே" என்றார். தான் சொன்னது அவருக்கே உறைக்கவில்லை. காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் பயிற்சி மைதானத்தில் அந்தப் பையனே என்னிடம் வந்தான். இருபது வயது இருக்கும். மற்றவர்கள் எங்களைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை அசைத்து நிறுத்தினான்.

"எனக்குப் பரவாயில்லை. பழகிவிடும். ஆனால் அதில் நீங்கள் சிரிக்கிறீர்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள் என்று என் அம்மா நினைக்கிறார். இல்லை என்று நான் சொன்னால் நம்புகிறார் இல்லை."

"நீ நம்புகிறாயா?"

அவன் சப்பாத்தின் முனையால் புல்லைக் கிளறினான். "நீங்கள் வந்து சொன்னால் நல்லது" என்றான்.

அவர்களின் வீடு நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருந்தது. ஹெய்ட்டியிலிருந்து வந்து, இங்கேயே படித்து, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பவர் அவன் தாய். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். மகனை அறைக்குள் போகச் சொன்னார். அவன் போகவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

வெட்டாத முழுப் பதிவையும் நான் கைபேசியில் கொண்டுபோயிருந்தேன். கோல்காப்பாளர் பேசுவது அதில் முழுவதுமாகக் கேட்கும். அதைத் திறக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"வேண்டாம். என் மகனை நான் இன்னொரு முறை அப்படிப் பார்க்க மாட்டேன். அவர் என்ன பகிடி சொன்னார் என்று வாயால் சொல்லுங்கள்."

சொன்னேன். கடைசி நிமிடத்தில் அந்தப் பந்தைத் தடுத்தது தான் இல்லை, தன் மூக்கு என்று கோல்காப்பாளர் சொல்லியிருந்தார். அந்த அறையில், அந்தத் தாயின் முன்னால் சொல்லும்போது, அதில் சிரிக்க என்ன இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி, நம்புகிறேன்" என்றார்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் பேசத் தொடங்கினார்.

"எனக்கு இதைக் காட்டியது யார் தெரியுமா? என் வகுப்புப் பிள்ளை. ஆறாம் வகுப்பு. இடைவேளையில் பிள்ளைகள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டு கைபேசியை வாங்கினேன். இது உங்கள் மகன்தானே மிஸ் என்று ஒருத்தி கேட்டாள்."

வாசலில் நின்ற பையனைப் பார்த்தேன். அவனும் இதை அப்போதுதான் கேட்கிறான் என்று தெரிந்தது. "நீங்கள் இதை என்னிடம் சொல்லவில்லையே அம்மா" என்றான். அவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இது என் மகளாக இருந்திருந்தால் கமராவைக் கொண்டு உள்ளே போயிருப்பீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால்?"

எனக்குப் பல வருடங்களாகத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. என்னை வெளியே நிறுத்திவிட்டு ஆண்களை உள்ளே விட்டால் என்னால் வேலை செய்ய முடியாது. அதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆசிரியை அல்லவா, முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"அது சரி. உங்களை வெளியே நிறுத்தியது பிழைதான். ஆனால் என் மகன் உடுப்புப் போடும்வரை ஒருவரும் பொறுக்க முடியாதா?"

மொன்ட்ரியால்-நோரிலிருந்து எங்கள் வீடு இருக்கும் சென்ட் லோரன்ட்டுக்கு வரும் பேருந்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினேன். நான் அத்தனை காலமும் கேட்டது ஆண்களுக்குக் கிடைப்பது எனக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான். அவர்களுக்குக் கிடைப்பது என்னவென்று ஒரு நாளும் யோசிக்கவில்லை என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

எங்கள் ஆசிரியரிடமும் அணி நிர்வாகத்திடமும் பேசினேன். எல்லாச் செய்தியாளர்களும் வெளியே, நடைவழியில் காத்திருக்கலாம், ஆட்டக்காரர்கள் உடுத்துக்கொண்டு வரட்டும் என்றேன். செய்தி பரவியதும் வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வேறொரு நிறுவனத்தின் செய்தியாளர் வாகனத் தரிப்பிடத்தில் என்னை மறித்து, "முதலில் உள்ளே வரவேண்டும் என்று சண்டை போட்டாய். இப்போது எங்களையும் வெளியே தள்ளுகிறாயா?" என்றார். அதைவிட என்னை உலுக்கியது ஒரு பெண் செய்தியாளரின் தொலைபேசி அழைப்பு. எனக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்து, எனக்காகப் பல இடங்களில் குரல் கொடுத்தவர்.

"நீயே அவர்கள் கையில் பூட்டின் திறப்பைக் கொடுக்கிறாய்" என்றார். "கதவைப் பூட்டத் தொடங்கினால் முதலில் நம்மைத்தான் வெளியே நிறுத்துவார்கள். எழுதி வைத்துக்கொள்."

அப்படி நடக்காது என்று சொன்னேன். என் குரலில் அவ்வளவு உறுதி இருக்கவில்லை.

அணி நிர்வாகம் ஒத்துக்கொண்டது. என் பேச்சினாலா, அந்தத் தாய் நேரில் போய்ப் பேசியதாலா என்று தெரியாது. நடைவழியில் விளம்பரப் பலகை ஒன்றை வைத்து, எல்லோரையும் அதன் முன்னால் நிற்கவிட்டார்கள். முதல் நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் முணுமுணுப்புக் குறைந்தது. அந்தப் பையன் ஈரத் தலையோடு, மேற்சட்டையின் பித்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வந்து எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னான். அவன் நன்றாகப் பேசுவான் என்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கோடை முடியும் நேரம் வேறு ஊர் ஒன்றில் ஆட்டம். நானும் கமராக்காரரும் காலையில் காரில் போனோம். ஆட்டம் முடிந்து எதிரணியின் உடை மாற்றும் அறைப் பக்கம் போனால், வாசலில் நின்ற அலுவலர் ஆண்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பெண்கள் இங்கேயே காத்திருக்க வேண்டும்."

"எப்போதிருந்து?"

"மொன்ட்ரியாலில் உங்களால் நடந்ததற்குப் பிறகு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது. நான் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"அங்கே யாரும் உள்ளே போவதில்லை. ஆண்களும்தான். ஒன்றில் எல்லோரையும் விடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரையும் வெளியே நிறுத்துங்கள்."

"எனக்குச் சொன்னது இதுதான், மேடம்."

கமராக்காரர் எனக்குப் பின்னால் நின்றார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அலுவலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் இருந்த கமராவைச் சரிசெய்தார். "ஒருவராவது எடுக்க வேண்டுமே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்டன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நின்றது போலவே நின்றேன். அழுகை வரவில்லை. தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது, அதுவும் என் முகத்தைக் காரணம் காட்டி.

காரில் திரும்பி வரும்போது கமராக்காரர் தான் எடுத்ததை எனக்குத் தர முன்வந்தார். வேண்டாம் என்றேன். ஆசிரியரை அழைத்து, உள்ளே எடுத்த பேட்டி எதையும் என் செய்தியில் போட மாட்டேன், ஏன் போடவில்லை என்பதையும் எழுதுவேன் என்றேன். "எழுது, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். எழுதினேன். அவர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ஆட்டத்தைப் பற்றியும் சாத்திய கதவைப் பற்றியும் மட்டும் இருந்த அந்தச் செய்தியை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"இப்ப நீ சொல்லுறது என்ன, உள்ளுக்குப் போகவேணும் எண்டோ, போகக் கூடாது எண்டோ?" என்று கேட்டார்.

"எல்லாரும் ஒரே இடத்திலை நிக்கவேணும் எண்டு, அம்மா."

"இதுக்கே இவ்வளவு பாடு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அதே ஊருக்கு இன்னொரு முறை போக வேண்டி வந்தது. வாசலில் அதே அலுவலர், அதே நீட்டிய கை. மற்ற ஆண்கள் உள்ளே போனார்கள். எங்கள் கமராக்காரர் போகவில்லை. கமராவைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன்.

"முதுகு வலிக்கிறது" என்றார்.

இருவரும் நடைவழியில் நின்றோம்.