நேராகி நின்றுவிட்ட கண்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது. இன்றும் அதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருக்க முடிவதில்லை.

என் இடது கண் பிறந்ததிலிருந்தே வெளிப்பக்கம் ஓடும். கல்யாணப் படத்தில்கூட நான் குனிந்துதான் நிற்கிறேன். நாற்பத்திரண்டு வயதில், வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேசன் செய்துகொண்டேன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்றேன். நேராக இருந்தது! போனேன், வந்தேன், மறுபடி பார்த்தேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அப்போதும் பார்த்தேன்.

ஆனால் நேரான கண் நேராகவே நின்றுவிட்டது. இடது பக்கம் பார்த்தால் வலது கண் போகும். இது முளையில் கட்டிய மாடு போல நடுவிலேயே நிற்கும். அந்தப் பக்கம் எல்லாமே இரண்டு. இரண்டு செடி, மழைநீர் ஓடும் கான் இரண்டு, என் கையே இரண்டு.

தலையைத் திருப்பினால் போயிற்று என்பீர்கள். கூடைக்கயிறு எங்களுக்குத் தலையில் அல்லவா தொங்குகிறது! கூடை நிறைய நிறையக் கழுத்து அசையாது. கண்தான் ஓட வேண்டும், கண்ணுக்குப் பின்னால் கை ஓடும். என் கை இல்லாத கொழுந்தைத் தேடிப் போய் வெறும் காற்றைக் கிள்ளியது.

யாரிடமும் சொல்லவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது, மருத்துவர் ஆட்டிய விரலோடு தலையையும் மெல்லத் திருப்பி, "தெரியுதுங்க" என்றேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் வரும் பதில் மாதிரி, யோசிக்காமல் வந்தது. உள்ளே வேறொரு பயம்: மறுபடி வெட்டினால் கண் பழைய இடத்துக்கே ஓடிவிட்டால்?

பக்கத்து நிரையில் பறிப்பவள் என் வயதுக்காரி. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் கண்ணைக் கேலி செய்தே வளர்ந்தவள். அவள்தான் கவனித்தாள்.

"என்னடி, கோழி மாதிரி ஒடம்பையே திருப்பித் திருப்பிக் கொத்துற?"

"கழுத்துப் பிடிப்பு."

"மூணு மாசமாவா?"

மறுநாள் கங்காணியிடம் கேட்டு என் இடது நிரைக்கு மாறிக்கொண்டாள். நான் தவறவிட்ட கொழுந்தை அவள் கை எட்டிக் கிள்ளியது. பிறகு ஒரு மழை நாள். இரண்டாகத் தெரிந்த கானில் பொய்யானதைத் தாண்டி, நிஜமானதில் விழுந்தேன். கூடை உருண்டு, கொழுந்தெல்லாம் சேற்றில். அவள் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"நாளைக்கு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போறோம். பேச்சே இல்ல."

அங்கே இளம் பெண் மருத்துவர், யாழ்ப்பாணத்துக்காரர். விரலை நீட்டினார். நான் வழக்கம்போல் முகத்தை நகர்த்தப் போக, பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தலையை இறுக்கிப் பிடித்தன. கறையேறிய, சொரசொரப்பான கைகள்.

"இவ பொய் சொல்றா டொக்டரம்மா. இப்ப பாக்கச் சொல்லுங்க."

விரல் இடப்பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது. என் கண் போகவில்லை.

"ஏனம்மா, முந்தியே சொல்லேல்லை?" மருத்துவர் திட்டவில்லை, வருத்தப்பட்டார். "தசை வடுவோட ஒட்டி இறுகிப்போச்சு. சிலருக்கு இப்பிடி வாறதுதான். திரும்ப ஆபரேசன் செய்து இளக்கிப் பாக்கலாம். முழுசாச் சரிவரும் எண்டு சொல்ல மாட்டன்."

"கண்ணு பழையபடி ஓரமாப் போயிருமாங்க?"

"கொஞ்சம் போகலாம்."

அழுகை வந்துவிட்டது. தலையைப் பிடித்த கைகள் இன்னும் விடவில்லை.

"போனா போவுது. கேலி பண்ண நான் இருக்கேன்ல?"

இரண்டாவது ஆபரேசன் நடந்தது. இப்போது கண் இடப்பக்கம் பாதிக்கு மேல் போகிறது. களைத்தால் லேசாக வெளியே நழுவுகிறது. அவள் சொன்னபடியே கேலியும் செய்கிறாள். யாராவது நலம் கேட்டால் "நல்லா இருக்கேங்க" என்ற பொய் இன்னும் நாக்கு நுனிவரை ஓடி வருகிறது, ஆனால் அந்தப் பொய்யை அத்தனை பேர் நம்பியபோது என்னைப் பரிகசித்த ஒருத்தி மட்டும்தான் என்னை உற்றுப் பார்த்திருந்தாள் என்பது அதைச் சொல்லவும் விடுவதில்லை, என்னை நிம்மதியாக இருக்கவும் விடுவதில்லை.